லினக்ஸில் கியூபிட்டோரண்ட்: நிறுவுவது, போர்ட் திறப்பது, டிஸ்க்கைச் சரிபார்ப்பது

கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளை நிறுவ இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கும்: வேகம் வராது, மேக்னட் இணைப்பு (டோரண்ட் கோப்பு இல்லாமலே இறக்கத் தொடங்கும் லிங்க்) அசையாது, பாதியில் ‘எரர்’ என்று சிவப்பாக நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை மூன்று காரணங்களால் வருகின்றன. மென்பொருளை எங்கிருந்து எடுத்தீர்கள், வெளியிலிருந்து வரும் இணைப்புக்குப் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறதா, கோப்பு எழுதப்படும் டிஸ்க் எப்படிப்பட்டது. இந்த மூன்றையும் விரிவாகப் பார்ப்போம். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம். டெர்மினல் தேவைப்படாது.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில். மின்ட்டில் டிரான்ஸ்மிஷன் என்ற டோரண்ட் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? எப்போதாவது ஒரு ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல் கோப்பு) இறக்குவதற்கு டிரான்ஸ்மிஷனே போதும், அதை மாற்ற வேண்டியதில்லை. பல டோரண்ட்களை வகை பிரித்து வைக்க வேண்டும், குறிப்பிட்ட நெட்வொர்க் வழியாக மட்டும் போகவேண்டும், ஏன் நின்றது என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் கியூபிட்டோரண்ட். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஃபோல்டரில் ஒரே டோரண்டை இரண்டிலும் ஓடவிடாதீர்கள். ஒன்று எழுதுவதை மற்றொன்று கெடுக்கும்.

பிட்டோரண்ட் நெறிமுறையை பிராம் கோஹன் 2001இல் வெளியிட்டார். கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) உண்டு. துண்டுகள் வெவ்வேறு கணினிகளிலிருந்து வந்துசேரும். ஹாஷ் பொருந்தாத துண்டு தூக்கியெறியப்பட்டு மறுபடி கேட்கப்படும். நீங்கள் இறக்கும்போதே பிறருக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். அதனால் உங்கள் ஐபி முகவரி அந்த டோரண்டில் உள்ள அனைவருக்கும் தெரியும். சட்டத்தின் பார்வையில் நீங்கள் பெறுபவர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும்கூட. பகிர உரிமை உள்ளவற்றை மட்டும் பகிருங்கள். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள், லிப்ரேஆபீஸ், இன்டர்நெட் ஆர்க்கைவின் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத தொகுப்புகள் என்று தாராளமாக இருக்கின்றன.

எங்கிருந்து நிறுவுவது

மின்ட்டில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ திறந்து கியூபிட்டோரண்ட் என்று தேடுங்கள். இரண்டு வகை கிடைக்கும்: ‘சிஸ்டம் பேக்கேஜ்’ (மின்ட்டின் சொந்தக் களஞ்சியப் பொதி), ‘ஃபிளாட்பேக்’ (எந்த லினக்ஸிலும் ஓடும் தனிப் பொதி). உபுண்டுவின் ‘ஆப் சென்டர்’ ஸ்னாப் என்ற வகைப் பொதிகளையே முன்னால் காட்டும். அங்கே இருப்பது யாரோ ஒரு தன்னார்வலர் கட்டியதாக இருக்கலாம். வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். ஐயமிருந்தால் வடிகட்டியை ‘டெபியன் பேக்கேஜஸ்’ என்று மாற்றி, உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதை நிறுவுங்கள்.

களஞ்சியத்தில் உள்ளது நம்பகமானது, ஆனால் பழையது. உபுண்டு 24.04இல் 4.6.3, 22.04இல் 4.4.1. டிஸ்ட்ரோ (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) வெளியாகும்போது பதிப்பு எண் உறைந்துவிடும். சாதாரணப் பயன்பாட்டுக்கு இது குறையே இல்லை. ஆர்எஸ்எஸ் ஊட்டம் (தளங்களின் புதுப்பிப்புப் பட்டியல்) அல்லது உள்ளேயே இருக்கும் தேடலைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் 5.0.1 அல்லது அதற்குப் பிந்தையதைப் பரிந்துரைக்கிறோம். 2024 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்புக்கு முன்புவரை, மென்பொருள் தானே எதையாவது இணையத்திலிருந்து எடுக்கும்போது தளத்தின் அடையாளச் சான்றிதழில் உள்ள பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது. நடுவழியில் இருப்பவர் வேறு ஒன்றைத் திணிக்க அது போதும்.

புதிய பதிப்பு வேண்டுமானால் மூன்று வழிகள். ஃபிளாட்பேக் எளியது. கியூபிட்டோரண்ட் திட்டக்குழுவின் பிபிஏ (அவர்களே நடத்தும் கூடுதல் களஞ்சியம்) இரண்டாவது: அதிகாரபூர்வத் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள வரியை நகலெடுத்து, மின்ட்டில் ‘சாஃப்ட்வேர் சோர்சஸ்’ உள்ளே ‘பிபிஏ’ பகுதியிலும், உபுண்டுவில் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ உள்ளே ‘அதர் சாஃப்ட்வேர்’ தாவலிலும் சேர்க்க வேண்டும். மூன்றாவது ஆப்இமேஜ், நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு. இறக்கிய கோப்பில் வலது கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ உள்ளே இயக்க அனுமதி கொடுத்து, இரட்டைக் கிளிக் செய்தால் போதும். இரட்டைக் கிளிக் செய்தும் எதுவுமே நடக்கவில்லையென்றால் அதற்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற பொதி இல்லாதது காரணமாக இருக்கலாம். உபுண்டு 22.04 முதல் அது தானாக வருவதில்லை.

தளத்தின் முகவரியில் கவனம் தேவை. அதிகாரபூர்வத் தளம் ‘டாட் ஆர்க்’ என்று முடிவது. ‘டாட் காம்’ என்று முடியும் ஒத்த பெயர்த் தளத்துக்கும் திட்டக்குழுவுக்கும் தொடர்பில்லை.

போர்ட்: வேகம் பெரும்பாலும் இங்கேதான் தங்கியிருக்கிறது

‘டூல்ஸ்’ மெனுவில் ‘பிரிஃபரன்சஸ்’ திறங்கள் (பழைய பதிப்புகளில் ‘ஆப்ஷன்ஸ்’). ‘கனெக்‌ஷன்’ பகுதியில், உள்வரும் இணைப்புக்கான போர்ட் எண் இருக்கும். 61000க்கும் 65535க்கும் இடையில் ஏதாவது ஒன்றை இடுங்கள். பழைய வழக்கமான 6881 முதல் 6889 வரை உள்ளவற்றைச் சில இணைய நிறுவனங்களும் ட்ராக்கர்களும் (கோப்பு யாரிடம் உள்ளது என்று சொல்லும் சேவையகங்கள்) தடுப்பதுண்டு. 32768 முதல் 60999 வரை லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்காக எடுத்துக்கொள்ளும் வரம்பு. அதற்குள் வைத்தால் அரிதாக மோதல் வரும். ஒவ்வொரு முறையும் போர்ட்டை மாற்றும் அமைப்பு எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் திறந்த எண்ணும் இங்கே உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

உள்வரும் இணைப்பு ஏன் முக்கியம்? போர்ட் மூடியிருந்தாலும் நீங்கள் வெளியே போய் பிறரை அழைக்கலாம், டோரண்ட் ஓடும். ஆனால் அழைப்பை ஏற்க முடியாத இருவர் பொதுவாக ஒருவரையொருவர் அடைய முடியாது. நூறு சீடர்கள் (முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்கள்) உள்ள டோரண்டில் இது தெரியாது. இரண்டே சீடர்கள் உள்ள பழைய டோரண்டில், அந்த இருவரும் மூடிய போர்ட்டுக்குப் பின்னால் இருந்தால், உங்களுக்கு ஒரு பைட்டும் வராது.

கீழ்ப்பட்டையில் உள்ள இணைப்புக் குறி நிலவரத்தைச் சொல்லும். பச்சை என்றால் வெளியிலிருந்து யாரோ உள்ளே வந்துவிட்டார்கள், போர்ட் திறந்திருக்கிறது. ஆரஞ்சுத் தீச்சுடர் என்றால் நேரடி இணைப்பு இதுவரை வரவில்லை. சிவப்பு என்றால் இணைப்பே இல்லை. மென்பொருளைத் திறந்த உடனே ஆரஞ்சு தெரிந்தால் பதற வேண்டாம். நிறைய பேர் உள்ள ஒரு டோரண்டைச் சேர்த்து, சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

ஆரஞ்சு மாறவில்லையென்றால் உள்ளிருந்து வெளியே நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கணினியின் ஃபயர்வால். மின்ட்டிலும் உபுண்டுவிலும் இது நிறுவும்போது அணைந்தே இருக்கும். நீங்கள் இயக்காத வரை இங்கே வேலையில்லை. இயக்கியிருந்தால், மின்ட்டின் ‘ஃபயர்வால் கான்ஃபிகரேஷன்’ திறந்து, விதிகள் பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, உங்கள் போர்ட் எண்ணுக்கு ‘அலவ்’, ‘இன்’, ‘போத்’ என்று விதி சேர்க்க வேண்டும். ‘போத்’ என்பதை விட்டுவிடாதீர்கள். இணைப்புகள் டிசிபி, யுடிபி என்ற இரண்டு நெறிமுறைகளில் வரும். டிசிபியை மட்டும் திறந்தால் டிஹெச்டியும் (ட்ராக்கர் இல்லாமலே பகிர்பவர்களைக் கண்டுபிடிக்கும் முறை), யுடிபி மேல் ஓடும் பிற கணினிகளின் இணைப்புகளும் வெளியிலேயே நிற்கும். உபுண்டுவில் இதே கருவி ‘ஜியுஎஃப்டபிள்யூ’ என்ற பெயரில் கிடைக்கிறது.

அடுத்தது ரவுட்டர். கியூபிட்டோரண்டில் ‘யுபிஎன்பி’ (சாதனங்கள் ரவுட்டரில் தாமே போர்ட் திறக்கும் வசதி) பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்து, ரவுட்டரிலும் அது இயங்கினால், போர்ட் தானாகத் திறந்துகொள்ளும். வீட்டில் பாதுகாப்பில்லாத கேமரா, பழைய சாதனங்கள் இருந்தால் ரவுட்டரில் யுபிஎன்பியை அணைத்துவிட்டுக் கையால் திறப்பதே நல்லது; அவையும் தம் விருப்பத்துக்குப் போர்ட் திறந்துகொள்ள முடியும் என்பதால். கையால் திறக்க, முதலில் ரவுட்டரின் டிஹெச்சிபி (உள் முகவரி வழங்கும்) பகுதியில் உங்கள் கணினிக்கு நிலையான உள் முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கணினியின் முகவரி என்றாவது ஒருநாள் மாறும், விதி வேறு சாதனத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ பகுதியில் வெளி எண், உள் எண் இரண்டிலும் அதே போர்ட்டை இட்டு, டிசிபி, யுடிபி இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

இதற்குப் பிறகும் ஆரஞ்சு என்றால் ரவுட்டரின் வெளிப்புற முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. இதை சிஜிநாட் என்பார்கள். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை, கதவு அவர்கள் பக்கத்தில் மூடியிருக்கிறது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் மோடமும் ரவுட்டரும் இரட்டை நாட் (இரண்டு முறை முகவரி மாற்றம்) போடுகின்றன. மோடத்தை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றினால் தீரும். சிஜிநாட்டுக்கு இரண்டு வழி: பொது ஐபி கேட்டு வாங்குவது, அல்லது ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி). ஐபிவி6இல் நாட் கிடையாது, ஆனால் பல ரவுட்டர்களின் ஐபிவி6 ஃபயர்வால் உள்வருவதைத் தடுக்கும். அங்கே உங்கள் போர்ட்டுக்குத் தனி அனுமதி கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இணையத்தில் உள்ள போர்ட் சோதனைப் பக்கங்கள், கியூபிட்டோரண்ட் ஓடாதபோது எப்போதும் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். திறந்து வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

எங்கே எழுதுவது

ஹோம் ஃபோல்டரில் உள்ள ‘டவுன்லோட்ஸ்’ எந்தச் சிக்கலும் தராது. சிக்கல் இரண்டாவது டிஸ்க்கில்தான்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) பகுதியில் எழுத முயன்றால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ அல்லது ‘படிக்க மட்டும்’ என்று பிழை வருவது மிகச் சாதாரணம். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அந்த டிஸ்க்கை முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் விடுகிறது. தரவு கெடாமலிருக்க லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கிறது. விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய், பவர் பொத்தான்களுக்கான பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். லினக்ஸ் பக்கத்தில் கட்டாயப்படுத்தி எழுத வைக்கும் குறுக்குவழிகளைத் தேட வேண்டாம்.

ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. டோரண்ட் அந்த அளவைத் தாண்டும் இடத்தில் பிழையோடு நிற்கும். எக்ஸ்ஃபேட்டில் இந்த வரம்பு இல்லை, ஆனால் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் ஏற்காது. டோரண்டைச் சேர்க்கும் சாளரத்திலேயே பெயரை மாற்றிவிட்டுத் தொடங்கலாம். லினக்ஸ் மட்டும் பயன்படுத்தும் டிஸ்க் என்றால் எக்ஸ்ட்4 போட்டுவிடுங்கள், இந்த வம்பு எதுவும் இல்லை. ஜிபார்ட்டெட் என்ற கருவியில் ஃபார்மேட் செய்த எக்ஸ்ட்4 பகுதிக்கு உரிமையாளர் ரூட்டாக (கணினியின் நிர்வாகியாக) இருப்பார், உங்களால் எழுத முடியாது. மின்ட்டின் ஃபைல் மேனேஜரில் அந்தப் பகுதியை ரூட்டாகத் திறந்து, ‘பெர்மிஷன்ஸ்’ தாவலில் உரிமையாளரை மாற்றுங்கள். ‘டிஸ்க்ஸ்’ கருவியில் ஃபார்மேட் செய்தால் பொதுவாக இந்தச் சிக்கல் வருவதில்லை.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கோ’ என்பதே க, துணைக்குறி என்று இரண்டு குறியீடு, ஆறு பைட். ஆக 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பு என்று நீட்டினால் எளிதில் தாண்டும். ஹோம் ஃபோல்டரை மறையாக்கம் செய்து மின்ட் நிறுவியிருந்தால் வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடுகள்தான். ‘பெயர் மிக நீளம்’ என்று பிழை வந்தால் காரணம் இதுவே. நீங்களே டோரண்ட் உருவாக்கிப் பகிரும்போது பெயரைச் சுருக்கமாக வைத்தால், பெறுபவர்கள் சிரமப்பட மாட்டார்கள்.

கணினியை மறுபடி இயக்கியதும் எல்லா டோரண்டும் ‘மிஸ்ஸிங் ஃபைல்ஸ்’ என்று காட்டினால் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. இரண்டாவது டிஸ்க், ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்யும் வரை மவுன்ட் ஆகாது (பயன்பாட்டுக்கு இணையாது). கியூபிட்டோரண்ட் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. டிஸ்க்கைத் திறந்து, டோரண்ட்களைத் தேர்ந்து, வலது கிளிக்கில் ‘ஃபோர்ஸ் ரீசெக்’ கொடுங்கள். ஏற்கெனவே உள்ள துண்டுகளைச் சரிபார்த்துத் தொடரும். நிரந்தரத் தீர்வுக்கு, ‘டிஸ்க்ஸ்’ கருவியில் அந்தப் பகுதியைத் தேர்ந்து, பல்சக்கரத்தில் ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, கணினி தொடங்கும்போதே மவுன்ட் ஆகும்படி வையுங்கள். அங்கே உள்ள வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லை அழிக்காதீர்கள். அது இல்லாமல், டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கினால் அவசரநிலைத் திரையில் போய் நிற்கும்.

ஃபிளாட்பேக், ஸ்னாப் இரண்டும் மென்பொருளைச் சில ஃபோல்டர்களுக்குள் மட்டும் வைத்திருக்கும். வெளி டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தும் எழுத முடியவில்லையென்றால், ஃபிளாட்பேக்குக்கு ‘ஃபிளாட்சீல்’ கருவியில் அந்த ஃபோல்டரைச் சேருங்கள். ஸ்னாப்புக்கு அமைப்புகளில் நீக்கக்கூடிய சேமிப்பகத்துக்கான அனுமதியை இயக்குங்கள்.

‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் இரண்டு பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது: முடியாத கோப்புகளுக்குத் தனி ஃபோல்டர், முடியாத கோப்புகளுக்குத் தனிப் பின்னொட்டு. பாதி இறங்கியதை முழுக் கோப்பு என்று நினைத்துத் திறப்பது இதனால் தவிரும்.

வேக வரம்பும் வரிசையும்

ஏற்றும் வேகத்தை வரம்பில்லாமல் விட்டால் இறக்கும் வேகமே குறையும். இறங்கும் ஒவ்வொரு பொதிக்கும் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். ஏற்றும் பாதை நிரம்பியிருந்தால் அந்தப் பதில் வரிசையில் நிற்கும். ஏற்றும் திறனில் 80 விழுக்காடு வையுங்கள். இணைய நிறுவனம் சொல்வது பிட் கணக்கு, கியூபிட்டோரண்ட் கேட்பது கிபிபைட் கணக்கு. 20 எம்பிபிஎஸ் ஏற்றும் திறன் என்றால் நொடிக்குச் சுமார் 2440 கிபிபைட். அதில் 80 விழுக்காடு ஏறக்குறைய 1950. அந்த எண்ணை ‘ஸ்பீட்’ பகுதியில் இடுங்கள். இறக்கும் வேகத்துக்கு வரம்பு தேவையில்லை, வீட்டில் மற்றவர்கள் அதே இணைப்பைப் பயன்படுத்தாத வரை. பயன்படுத்தினால் மாற்று வேக வரம்பை நேர அட்டவணையோடு அமைக்கலாம்.

இயல்பாக ஒரே நேரத்தில் 3 இறக்கம், 3 ஏற்றம், மொத்தம் 5 டோரண்ட்தான் இயங்கும். நான்காவது ‘கியூட்’ என்று காத்திருப்பது கோளாறு அல்ல. ‘பிட்டோரண்ட்’ பகுதியில் எண்ணைக் கூட்டலாம். மெதுவான டோரண்ட்களைக் கணக்கில் சேர்க்காதபடியும் வைக்கலாம். மொத்த இணைப்புகள் இயல்பாக 500. பழைய ரவுட்டர் திணறி வைஃபை விட்டு விட்டு வந்தால் 200 ஆக்கிப் பாருங்கள்.

அதே பகுதியில் பகிர்வு விகித வரம்பு இருக்கிறது. எடுத்த அளவாவது திருப்பிக் கொடுக்கும்படி, 1க்குக் குறையாமல் வையுங்கள். சீடர் குறைந்த டோரண்ட்களுக்கு வரம்பே வேண்டாம்; உங்களிடம் உள்ள பிரதிதான் அதை உயிரோடு வைத்திருக்கக்கூடும்.

சோதித்துப் பார்க்க

மின்ட் அல்லது டெபியன் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ டோரண்ட் ஒன்றைச் சேருங்கள். சீடர்கள் ஏராளம், சட்டச் சிக்கல் இல்லை. இதில் நல்ல வேகம் வந்து வேறொன்றில் வரவில்லையென்றால், குறை உங்கள் அமைப்பில் இல்லை, அந்த டோரண்டில். இறங்கிய ஐஎஸ்ஓவைத் தளத்தில் உள்ள எஸ்ஹெச்ஏ-256 எண்ணோடு ஒப்பிடுங்கள். டோரண்டின் ஹாஷ் சோதனை, டோரண்ட் கோப்பில் சொன்னது வந்ததா என்று மட்டுமே உறுதி செய்யும். அந்த டோரண்ட் கோப்பே போலியா என்பதை அது சொல்லாது.

மேக்னட் இணைப்பு, மெட்டாடேட்டா (கோப்புப் பட்டியலும் ஹாஷ்களும்) இறங்கும் நிலையிலேயே நின்றால் கீழ்ப்பட்டையில் டிஹெச்டி எண்ணிக்கையைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். சுழியம் என்றால் யுடிபி எங்கோ தடுக்கப்படுகிறது. எண்ணிக்கை நன்றாக இருந்தும் நகரவில்லையென்றால் அந்த டோரண்டில் இப்போது யாரும் இல்லை.

99 விழுக்காட்டில் நின்றுவிட்டால் ‘அவைலபிலிட்டி’ பத்தியைத் திறங்கள். 1க்குக் கீழ் என்றால், இணைந்துள்ள அனைவரிடமும் சேர்த்தும் முழுப் பிரதி இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அந்த மிச்சத் துண்டு வராது. முழுப் பிரதி உள்ளவர் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ‘எரர்’ என்று நின்றால் யூகிக்க வேண்டாம், ‘வியூ’ மெனுவில் ‘லாக்’ திறங்கள். அனுமதியா, இடமின்மையா, பெயர் நீளமா என்று அங்கே நேராக எழுதியிருக்கும்.

சாளரத்தை மூடியதும் மென்பொருள் காணாமல் போனால் அது ட்ரேயில் (பணிப்பட்டையின் ஓரத்தில்) ஒளிந்திருக்கிறது. க்னோமில் சில டிஸ்ட்ரோக்கள் ட்ரே குறியைக் காட்டுவதில்லை. மெனுவிலிருந்து மறுபடி திறந்தால் அதே சாளரம் வரும். லேப்டாப் உறங்கி இறக்கம் நின்றுபோனால், ‘பிஹேவியர்’ பகுதியில் இறக்கத்தின்போது உறங்காதிருக்கும் பெட்டி உள்ளது.

5 ஜிபி, 8 ஜிபி என்று நினைவகம் தின்பதாக சிஸ்டம் மானிட்டர் காட்டினால், பெரும்பாலும் அது லிப்டோரண்ட் 2 (கியூபிட்டோரண்டின் உள்ளே இயங்கும் நிரல் தொகுப்பு) கோப்புகளை நினைவகத்தோடு பொருத்தி வைக்கும் முறையின் தோற்றம். தேவைப்படும்போது கர்னல் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே கணினி திணறினால், ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் டிஸ்க் ஐஓ வகையைப் ‘போசிக்ஸ்’ என்று மாற்றி, மென்பொருளை மறுபடி தொடங்குங்கள்.

விபிஎன் பயன்படுத்துபவர்கள் அதே ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸாக விபிஎன்னுடையதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விபிஎன் அறுந்தால் டோரண்டும் நிற்கும். உங்கள் சொந்த முகவரி வழியாகப் போகாது. பிறகு விபிஎன்னை நீக்கிவிட்டால் இந்த அமைப்பைத் திருப்பி மாற்றுங்கள். இல்லாத இன்டர்ஃபேஸைத் தேடிக்கொண்டு எல்லா டோரண்டும் அசையாமல் கிடக்கும்.

வெப் இடைமுகத்தை (உலாவி வழியாகக் கட்டுப்படுத்தும் வசதியை) இயக்கினால் 8080 போர்ட்டில் வரும். 4.6.1க்கு முந்தைய பதிப்புகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இயல்புக் கடவுச்சொல் இருந்தது. இயக்கிய உடனே மாற்றுங்கள். அந்தப் போர்ட்டை ரவுட்டரில் வெளியே திறக்கவே வேண்டாம்.

சிஸ்டம் பேக்கேஜிலிருந்து ஃபிளாட்பேக்குக்கு மாறினால் பட்டியல் காலியாக இருக்கும். எதுவும் தொலையவில்லை, இரண்டும் வெவ்வேறு இடத்தில் அமைப்புகளை வைக்கின்றன. மாறும் முன் மென்பொருளை முழுதாக மூடுங்கள். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் + எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். ‘.கான்ஃபிக்’ உள்ளேயும், ‘.லோக்கல்’ உள்ளே ‘ஷேர்’ ஃபோல்டரிலும் கியூபிட்டோரண்ட் பெயரில் ஒவ்வொரு ஃபோல்டர் இருக்கும். முதலாவது அமைப்புகள், இரண்டாவது டோரண்ட் பட்டியலும் எதுவரை இறங்கியது என்ற கணக்கும். இரண்டையும் ‘.வார்’ உள்ளே ‘ஆப்’ ஃபோல்டரில் உள்ள கியூபிட்டோரண்டுக்குரிய இடத்தில் நகலெடுங்கள்: முதலாவது அங்குள்ள ‘கான்ஃபிக்’ உள்ளே, இரண்டாவது ‘டேட்டா’ உள்ளே. ஃபிளாட்பேக்கை ஒருமுறை திறந்து மூடினால் அந்த ஃபோல்டர்கள் தாமே உருவாகும். கணினியைப் புதிதாக நிறுவும் முன்பும் இதே இரண்டையும் எடுத்து வைத்தால் போதும்.